கை பழகிய முகவரி

சென்ற வாரக் கதையில் அக்காவைக் கறுப்புத் திரையின் முன்னால் உட்காரவைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆபீசில் சின்னவர்கள் எல்லாரும் அக்கா, அக்கா என்று கூப்பிடப் போய், நமக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. மற்ற கம்பெனிகளுக்கு ஆள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. யாருக்கு ஆள் வேண்டுமோ அவர்கள் சார்பில் கம்ப்யூட்டரில் தேர்வு வைப்பாள். எழுதுகிறவர்களுக்கு அந்தக் கம்பெனியின் பெயரிலேயே மெயிலில் அழைப்பு அனுப்புவாள். தேறியவர்களை ஒரு பக்கம், தேறாதவர்களை ஒரு பக்கம் பிரிப்பாள். தேறாதவர்களுக்கு ஒரு வருத்தக் கடிதம் போகும். வாரத்தில் பெரும்பாலான நாள் வீட்டிலிருந்தே வேலை.

வீட்டில் இன்னொருவர் உண்டு. உள் அறையில். மாடிக் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் சூப்பர்வைசர். அவர் மேற்பார்த்த கிடங்கை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. பட்டப்பெயரை மட்டும் யாரும் மூடவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டு, "என்ன சூப்பர்வைசர், வாக்கிங்கா?" என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் நின்று ஊர்க்கதை பேசுவார். இப்போது தலையை ஆட்டிவிட்டு ஏறிவிடுகிறார்.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றிருந்தால் பேச்சாவது இருக்குமே.

"சாப்பிட வரீங்களா?"

"ம்."

"ஃபேனை நிறுத்தட்டுமா?"

"ம்."

பெண் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபிறகு அதிலும் பாதி குறைந்துவிட்டது. பாதி 'ம்' எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். அக்காவுக்குத் தெரியும்.

"அக்கா, திறந்துட்டீங்களா?" போனில் டீம் லீடரின் குரல். அக்காவைவிட வயதில் ரொம்பச் சின்னவள். கெட்டிக்காரி. ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன்னால் அடுத்ததற்குப் போய்விடுவாள்.

"திறந்துட்டேன்மா. ஒரே கறுப்பா இருக்கு. ஒரு கோடு மட்டும் கண்ணைக் கண்ணைச் சிமிட்டுது."

"அதான் டெர்மினல். அதுல பட்டன் எதுவும் தேடாதீங்க. எல்லாம் எழுத்துலதான். நான் அனுப்பின முதல் வரியை ஒட்டி என்டர் தட்டுங்க."

அக்கா தட்டினாள். எழுத்துகள் கொட்டோ கொட்டென்று கொட்டின.

"ஐயோ, என்னமோ ஓடுதும்மா! எதையாவது கெடுத்துட்டேனா?"

"ஓடட்டும் அக்கா. தேர்வுத் தளத்தோட கருவி இறங்குது. அடுத்து கீ கேட்கும். மெயில்ல ரெண்டு கீ அனுப்பியிருக்கேன். ஒண்ணு டெஸ்ட், ஒண்ணு லைவ். லைவ் நிஜத் தேர்வுக்கு. நீங்க டெஸ்டைப் போடுங்க. அதுல என்ன கூத்து அடிச்சாலும் வெளியே போகாது."

கீ என்றால் சாவிதான். ஆனால் பூட்டில் போடுகிற சாவி இல்லை. எழுத்தும் எண்ணுமாக ஒரு முழத்துக்கு நீண்ட சரம். மெயிலில் இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே சாடையில் இருந்தன. அக்கா ஒன்றை எடுத்து ஒட்டினாள். ஒட்டியது திரையில் தெரியவே இல்லை. ரகசியமாம், காட்டாதாம். என்டர் தட்டினாள். ஏற்றுக்கொண்டது.

"இப்ப ரெண்டாவது வரி. அதுதான் ஏஜென்டையும் தளத்தையும் கோக்கற வரி."

ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை, சொன்னதைப் புரிந்துகொண்டு தானே காரியம் பார்க்கும் ஏஐ. இத்தனை நாளும் அது ஒரு பக்கம், தேர்வுத் தளம் ஒரு பக்கம். நடுவில் அக்கா. இங்கே கேட்டு அங்கே அடித்து, அங்கே எடுத்து இங்கே ஒட்டி. இன்றைக்கு இரண்டையும் நேராகக் கோத்துவிட்டால் அது தானே அழைப்பு அனுப்பும், மார்க் பார்க்கும், கடிதம் எழுதும். "அப்புறம் எனக்கு என்னம்மா வேலை?" என்று போன வாரம் அக்கா கேட்டதற்கு லீடர் சிரித்தாள் அல்லவா? அந்தச் சிரிப்பை அக்கா இன்னும் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் அது பதிலாக இல்லை.

'இணைப்பு தயார். நான் என்ன செய்யட்டும்?' என்று திரையில் வந்தது. ரொம்பச் சுத்தமான தமிழ்.

"வந்துடுச்சும்மா!"

"சூப்பர் அக்கா! யாராவது ஒரு டம்மி ஆளுக்கு அழைப்பு அனுப்பிப் பாருங்க. எந்த மெயில் ஐடியும் போடலாம். போகாது. எனக்கு மீட்டிங் இருக்கு, வெச்சுடறேன்."

வைத்துவிட்டாள்.

பட்டியலில் முதலில் இருந்தது குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் மேற்பார்வையாளர் வேலை. அதற்கு ஓர் அழைப்பு என்று அக்கா அடித்தாள். மெயில் ஐடி?

இங்கேதான் பாருங்கள், அவள் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் தன்னுடையதைப் போட்டிருப்பாள். இல்லாவிட்டால் ஏதாவது கண்டதைக் கற்பனை பண்ணிப் போட்டிருப்பாள். ஒன்றரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவருக்காக விண்ணப்பம் அனுப்புகிறவள் அவள். அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல இவள் அடித்த காலம் போய், அவர் உள்ளே படுத்திருக்க இவளாகவே அடிக்கிற காலம் வந்தது. மெயில் ஐடி என்று ஒரு கட்டம் வந்தாலே கை தானாக அடித்துவிடும் முகவரி அது. அடித்தது.

'அழைப்பு அனுப்பப்பட்டது.'

உள் அறையில் ஒரு போன் டிங் என்றது. உலகத்தில் எத்தனையோ டிங். அக்கா அடுப்பில் பாலை இறக்கப் போய்விட்டாள்.

அவள் சமையலறையில் நாலு காரியம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது குளியலறைக் கதவு திறந்தது. சூப்பர்வைசர் வெளியே வந்தார். முகத்தை மழித்திருந்தார். காதோரம் கொஞ்சம் சோப்பு நுரை. பீரோவிலிருந்து சட்டை எடுத்துப் போட்டு, மேல் பட்டன் வரைக்கும் மாட்டிக்கொண்டார். பெண் விட்டுப்போன பழைய லேப்டாப்பை இடுக்கிக்கொண்டார்.

"எங்கயாவது வெளியே கிளம்பறீங்களா?"

"இல்ல. கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கறேன். யாரும் தட்ட வேண்டாம்."

யாரும் என்றால் யார்? அந்த வீட்டில் தட்டுவதற்கு இருப்பதே ஒருத்திதான்.

"என்னங்க, ஏதாவது..."

"ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன்." சொல்லும்போது வாயின் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்ததை அவர் கட்டுப்படுத்திக்கொண்டார். அக்கா பார்த்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! என்ன, ஏது என்று புரியாமலே அவளுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திரையில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது.

'விண்ணப்பதாரர் தேர்வைத் தொடங்கிவிட்டார்.'

அக்கா அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

அடித்துக் கேட்டாள்: 'நீ இப்போது எந்தக் கீயில் இருக்கிறாய்?'

'லைவ் கீயில் இணைந்திருக்கிறேன். அழைப்பைத் திரும்பப் பெறட்டுமா? அவர் எழுதிக்கொண்டிருக்கும் பக்கம் உடனே மூடிக்கொள்ளும்.'

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். ஒரே ஒரு சொல் அடித்தால் போதும். அந்த மனிதரின் முகத்துக்கு எதிரிலேயே பக்கம் மூடிக்கொள்ளும்.

'வேண்டாம்,' என்று அடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. பெண்.

"அம்மா, அப்பா பக்கத்துல இல்லல்ல?"

"உள்ள இருக்கார். சொல்லு குட்டி."

"நான் சொன்னதா காட்டிக்காதே. அப்பாவுக்கு ஒரு கம்பெனியிலேர்ந்து டெஸ்ட் வந்திருக்கு! எனக்கு மெசேஜ் போட்டார்மா. முழுசா அஞ்சு வரி! கடைசில கட்டைவிரல் பொம்மை வேற!"

"என்கிட்ட சொல்லலையே."

"எழுதி முடிச்சுட்டுச் சொல்றாராம். ஒவ்வொரு தடவையும் உன் முகம் வாடறதைப் பார்க்க முடியலையாம்."

அக்காவின் முகமா வாடியது? அவர் முகத்தைத்தான் இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தெரியாது. பார்த்ததைப் பெண்ணிடம் சொல்லத் தெரிந்தவருக்குத் தன்னிடம் சொல்லத் தெரியவில்லை.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். குட்டி, அந்த அழைப்பு... நான் அனுப்பினதுடி."

நடந்ததைச் சொன்னாள். கீ மாறியது, கை பழகியது, எல்லாம்.

"சொல்லிடாதேம்மா," என்றாள் பெண். குரல் இறங்கிப்போயிருந்தது. "தேறலைன்னு வழக்கமான லெட்டர் ஒண்ணு போகட்டும். அது அவருக்குப் பழகிப்போச்சு. இது பழகாதது."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நீ எங்க சொல்றே? லெட்டர்தானே சொல்லுது."

வைத்து முடிக்கவில்லை, அடுத்த போன். லீடர்.

"அக்கா, கிடங்கு வேலைக்கு ஒருத்தர் எழுதிட்டிருக்கார்! நாம இன்னும் யாருக்குமே அழைப்பு அனுப்பலையே. யார் இது?"

டம்மி என்று சொல்லிவிடலாம். வாய் வரை வந்தது. உள்ளே மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரை அந்தச் சொல்லால் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"என் வீட்டுக்காரர்மா."

"அக்கா!"

"லைவ் கீயைப் போட்டுட்டேன். தப்புதான்."

"சொந்தக்காரங்களுக்கு நம்ம கையால அழைப்பு போகக் கூடாதுன்னு எல்லாரும் கையெழுத்து போட்டிருக்கோமே. முதல்ல கேன்சல் பண்ணுங்க."

"எழுதி முடிக்கட்டும்மா."

"என்ன அக்கா விளையாடறீங்களா? சாயங்காலம் அந்தக் கம்பெனிக்காரங்க லிஸ்டைத் திறந்து பார்ப்பாங்க."

"அதுக்குள்ள பேரை எடுத்துடறேன். அவர் எழுந்து வெளியே வரட்டும். அது வரைக்கும்தான் கேட்கறேன். இத்தனை வருஷத்துல நான் உன்கிட்ட எதையாவது கேட்டிருக்கேனா?"

லீடர் பெருமூச்சு விட்டாள். அவளும் கெட்டவள் இல்லை. "சரி. பேரை எடுத்தா வருத்தக் கடிதம் தானா போயிடும். அவருக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல. ஆனா நான் மேல சொல்லியாகணும் அக்கா. நீங்க அடிச்ச ஒவ்வொரு வரியும் பதிவாகி நிக்குது. காலைல ஆபீசுக்கு வந்துடுங்க."

"வேலைக்கு ஏதாவது ஆகுமா?"

"எனக்குத் தெரியல. நிஜமாவே தெரியல."

போனைக் கவிழ்த்து வைத்தாள். இரண்டு சம்பளம் வந்த வீடு ஒன்றாகி, அந்த ஒன்றும் இப்போது நூலில் தொங்குகிறது. ஆனால் அக்காவின் மனசு அந்தப் பக்கம் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம்தான் போயிற்று.

ஏனென்றால் அங்கே ஒரு குரல் கேட்டது.

கேள்விகளை அவர் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, மெதுவாக, சொல் சொல்லாக. "ஒரு லாரியில்... நூற்றிருபது பெட்டி..." கொஞ்சம் நிறுத்தி, "அப்ப மூணு லாரிக்கு..." என்று தனக்குத்தானே. வார்த்தை புரியாத இடத்திலும் குரல் கேட்டது. ஏறியது, இறங்கியது, ஓரிடத்தில் "அட!" என்றது.

அக்கா நாற்காலியைச் சத்தமில்லாமல் கதவின் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். ரேடியோ கேட்பது போல உட்கார்ந்திருந்தாள். ஒரு வருஷத்தில் அவளிடம் பேசியதைவிட அதிகமாக அவர் அந்தத் தேர்வுத்தாளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

என்ன எழுதுகிறார் என்று ஏஜென்டிடம் கேட்டால் உடனே காட்டும். எழுந்து போய்க் கேள்வியை அடிக்கக்கூடச் செய்தாள். அடித்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். அவர் சட்டைப்பையில் கையை விடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

மத்தியானம் சாய்ந்த பிறகு கதவு திறந்தது.

"டீ போடறேன். உனக்கும் போடட்டுமா?"

அக்கா 'ம்' என்றாள். வீட்டில் முறை மாறிவிட்டது.

இரண்டு டம்ளரோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கொட்டத் தொடங்கினார்.

"ஒரு கம்பெனியில கூப்பிட்டிருந்தாங்க. டெஸ்ட். முடிச்சுட்டேன். முன்னாடியே சொல்லல, கோவிச்சுக்காதே."

"இல்லைங்க."

"முதல்ல கணக்கு. லாரி எத்தனை, பெட்டி எத்தனைன்னு. நமக்கு அதெல்லாம் ஜுஜுபி. அப்புறம் எதை எங்க அடுக்கறதுன்னு படம் போட்டு. மூணாவது எழுதச் சொல்லிக் கேட்டிருந்தாங்க. குளிர் ரூம்ல வேலை பார்க்கற ரெண்டு பேருக்கு அடிதடி, நீ என்ன செய்வேன்னு."

"என்ன எழுதினீங்க?"

"ரெண்டு பேரையும் வெளியே கூட்டிட்டு வந்து முதல்ல வெயில்ல நிக்க வைப்பேன்னு எழுதினேன்." டீயை ஓர் இழுப்பு இழுத்தார். "சிரிக்காதே. குளிர்ல நிக்கறவனுக்கு எதிராளி எது பேசினாலும் குத்தற மாதிரிதான் இருக்கும். உடம்பு சூடு ஏறட்டும், அப்புறம் விசாரிக்கலாம். நான் அப்படித்தானே செய்வேன்."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன? அவ்வளவுதான். பெரிசா பச்சை டிக் வந்துச்சு. எழுந்து வந்துட்டேன்."

அக்காவின் டம்ளர் பாதி வழியில் நின்றது. அந்தத் தேர்வுக்கு நாலு பகுதி. தளத்தில் அதை ஏற்றியவளே அவள்தான். மூன்றாவது முடிந்தால் வருகிற பச்சை டிக், எழுதியது பத்திரமாகிவிட்டது என்பதற்கு. அடுத்த பகுதிக்குப் போக அதன் கீழே, இன்னும் கீழே, சின்னதாக ஒரு பட்டன் உண்டு. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

அவருக்கு இது எதுவும் தெரியாது. கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "தேறினாலும் தேறாட்டியும் பரவாயில்ல. கூப்பிட்டாங்கல்ல? யாரோ ஒருத்தர் லிஸ்டைப் பார்த்து, இந்த ஆள் சரிவரும்னு நினைச்சுக் கூப்பிட்டிருக்காங்கல்ல?"

சொல்லாமல் விட்டுவிடு என்று பெண் சொன்னது அந்த நிமிஷம் எவ்வளவு நியாயமாகப் பட்டது தெரியுமா? ஒரு கடிதம் போகும். அவர் கொஞ்ச நாள் வருத்தப்படுவார். ஆனால் யாரோ கூப்பிட்டார்கள் என்பது அவரிடம் இருந்துகொண்டிருக்கும். அக்கா மனசைத் திடப்படுத்திக்கொண்டு டீயைக் குடித்தாள். சொல்வதில்லை என்றே முடிவு செய்துவிட்டாள்.

"நாளைக்கு அந்தக் கிடங்குக்கே ஒரு நடை போயிட்டு வந்துடறேன்," என்றார் அவர்.

"எதுக்கு?"

"சும்மா, இடத்தைப் பார்த்துட்டு வரத்தான். லாரி எந்தப் பக்கம் வருது, போகுதுன்னு. நேர்ல கூப்பிடும்போது பேச வசதியா இருக்கும். கேட்ல செக்யூரிட்டிகிட்ட இந்த அழைப்பைக் காட்டினா விடுவான்."

அக்கா மனக்கண்ணில் அந்த கேட்டைப் பார்த்தாள். இவர் போனை நீட்டிக்கொண்டு வெயிலில் நிற்பதையும், உள்ளே யாரோ பட்டியலைப் பார்த்துவிட்டு இந்தப் பெயரே இல்லையே என்பதையும் பார்த்தாள்.

"போகாதீங்க."

"ஏன், என்ன இப்போ?"

"அந்த அழைப்பு... நான் அனுப்பினதுங்க."

அவர் முகம் இன்னும் மலர்ந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. "நீயா? சிபாரிசு பண்ணினியா எனக்கு?"

"இல்ல. புதுசா ஒண்ணை இணைச்சோம். சரியா வேலை செய்யுதான்னு பார்க்க ஒரு மெயில் ஐடி கேட்டுது. கை தானா உங்களோடதை அடிச்சுடுச்சு. வெளியே போகாதுன்னு நினைச்சேன். போயிடுச்சு."

"சரி பார்க்கறதுக்கு," என்றார் அவர்.

"ஆமா."

"அப்ப வேலை?"

"வேலை இருக்கு. ஆனா நான் அங்க இருக்கறதால உங்களுக்கு இல்ல. பேரை எடுத்தாகணும். இன்னிக்கே."

அவர் கழுத்துப் பட்டனைக் கழற்றினார்.

"நல்ல வேளை. யார்கிட்டயும் சொல்லல," என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். அந்தப் பொய்யையாவது அவரிடம் விட்டுவைக்கலாம் என்று தோன்றியது.

இரண்டு டம்ளரையும் அவரே கழுவிக் கவிழ்த்தார். உள் அறைக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தியிருந்தாலாவது அவள் கொஞ்சம் அழுதிருப்பாள். மெதுவாகத்தான் சாத்தினார்.

எழுந்து போய்க் கதவருகில் நின்றாள். என்னங்க என்று கூப்பிட்டால் 'ம்' என்று வரும். அதற்கு மேல் தன்னிடமும் ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. திரும்பி வந்தாள். கம்பெனிக்காரர்கள் பட்டியலைத் திறக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

'அவர் பெயரை எடுத்துவிடு. வருத்தக் கடிதம் அனுப்பாதே,' என்று அடித்தாள்.

'பெயர் நீக்கப்பட்டது. கடிதம் அனுப்பப்படவில்லை. நீக்கப்பட்டவரிடமிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது.'

எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்பதற்கென்று அழைப்பின் அடியில் ஓர் இடம் உண்டு. நேற்று வரை அதைப் படிப்பது ஆபீசில் வேறொருத்தியின் வேலை. இன்றைக்கு இணைத்ததோடு எல்லாம் நேராக இந்தத் திரைக்கு வந்துவிடுகிறது. அக்கா படித்தாள்.

'மதிப்புக்குரிய தேர்வுக் குழுவினருக்கு, வணக்கம். தவறுதலாக அழைப்பு வந்த விவரத்தைத் தங்கள் அலுவலர் நேரில் தெரிவித்தார். பெயரை நீக்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இருந்தாலும் எழுதியது எழுதியதுதான் என்பதால், மதிப்பெண்ணை மட்டும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.'

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. எட்டி நடந்தால் எட்டு அடி இருக்குமா?

'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, மதிப்பெண்களைத் தெரிவிக்க இயலாது என்று பதில் தயாராக வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா?' என்றது ஏஜென்ட்.

'வேண்டாம். நான் எழுதுகிறேன்.'

நன்றாகத் தேறிவிட்டீர்கள் என்று எழுதலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அந்த மனிதர் மதிப்பெண் கேட்டிருக்கிறார், ஆறுதல் கேட்கவில்லை. அக்கா ஏஜென்டிடம் மதிப்பெண்ணைக் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதினாள்: 'எழுதிய மூன்று பகுதிகளும் நன்றாக இருக்கின்றன. நான்காவதாக ஒன்று இருந்தது. அதை நீங்கள் திறக்கவில்லை. அதனால் மொத்தத்தில் தேறவில்லை.'

அனுப்பினாள். உள்ளே போன் டிங் என்றது. தண்ணீர் மோட்டார் ஓடி நின்றது. எதிர் வீட்டில் யாரோ விளக்குப் போட்டார்கள்.

'பச்சை டிக் வந்ததும் முடிந்துவிட்டது என்று எழுந்துவிட்டேன். இன்னும் இருக்கிறது என்று அங்கே யாரும் சொல்லவில்லை.'

இதே டிக்கைப் பார்த்துவிட்டு இன்னும் எத்தனை பேர் எங்கெங்கோ எழுந்து போய் டீ போட்டுக் குடித்திருப்பார்கள்! அவசரக்காரர்கள், பாதியில் விட்டவர்கள் என்று அவர்களை எல்லாம் தேறாதவர்கள் பக்கம் தள்ளியது இவள் கைதான். காலையில் ஆபீசில் தன்னை என்ன கேட்டாலும், இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

'அது தேர்வுப் பக்கத்தின் குறை. உங்கள் குறை இல்லை,' என்று எழுதினாள்.

இந்த முறை பதில் சீக்கிரம் வந்தது.

'என் பொருட்டுத் தங்கள் அலுவலருக்குத் தொந்தரவு ஏதும் வருமா?'

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். 'காலையில் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியவில்லை.'

'தங்கள் அலுவலர் மதியம் சாப்பிடவில்லை. டம்ளர் கழுவும்போது பார்த்தேன். தொட்டியில் காலையில் கழுவிய தட்டு காய்ந்தபடி இருந்தது.'

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரையின் அடியில், 'அவர் எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று ஒரு வரி வந்தது. உள் அறையில் விசைகள் தட்டுகிற சத்தம் லேசாகக் கேட்டது. நின்றது. மறுபடி தட்டியது. ரொம்ப நேரம் தட்டியது. அவர் என்ன எழுதுகிறார், எவ்வளவை அழிக்கிறார் என்று சுவரைப் பார்த்தால் தெரியுமா?

நடுவில் ஏஜென்ட் குறுக்கிட்டது. அதற்கு அதன் கடமை.

'இவர் பட்டியலில் இல்லாததால் இந்தப் பேச்சை மூடிவிட வேண்டும் என்பது விதி. மூடட்டுமா?'

'வேண்டாம்.'

'எதுவரை திறந்து வைக்கட்டும்?'

அக்கா காதைக் கொடுத்துக் கேட்டாள். உள்ளே இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தார்.

'அவர் எழுதி முடிக்கிற வரை,' என்று அடித்து என்டரைத் தட்டினாள்.